கடைசி பஸ் மூன்றரைக்கு

மார்ச் 9
வந்து சேர்ந்தாச்சு. அடிவாரம் செக்போஸ்ட் தாண்டியதிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் முடிகிற வரை கண்ணை மூடிக்கொண்டேதான் வந்தேன். நடுவில் ஒரு தரம் திறந்தால் கீழே சேலம் தூசுக்குள் மங்கிக் கிடந்தது, பக்கத்தில் வெள்ளைக்கல் சுரங்கத்துக் குவியல்கள். மறுபடி மூடிக்கொண்டேன்.

ஏற்காட்டில் பஸ் மாறி, நாகலூர் தாண்டி, இன்னும் உள்ளே. ஊர்ப் பேரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அடுத்த சனிக்கிழமையே நாலு கார் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்து நிற்கும். முப்பது நாற்பது வீடு இருக்கும். ஒரு மாரியம்மன் கோயில், ஒரு பெட்டிக்கடை, மேட்டில் தண்ணித் தொட்டி. மூன்றரை பஸ் திரும்பிப் போனதும் ஊர் கதவைச் சாத்திக்கொள்கிறது.

ஆயா வீட்டை ஒட்டி ஒற்றை அறை. காசு பேசியபோது, "நீயே பாத்துக் குடு கண்ணு" என்று முடித்துவிட்டார். எவ்வளவு கொடுப்பது என்று இனி நான்தான் தூங்காமல் யோசிக்கணும்.

சாவி கைப்பையின் உள் ஜிப்பில். இரண்டு முறை பார்த்தேன்.

மார்ச் 10
இடது முழங்கால். வேறொன்றும் எழுதுவதற்கில்லை.

மார்ச் 11
சேர்வராயன் கோயில் வரை நடை. தோட்டத்துப் பாதையில் போய், ரோட்டைத் தொட்டு, மறுபடி பாதை. ஆயாவின் பேரன் துணைக்கு வந்தான். பன்னிரண்டாவது முடித்துவிட்டு 'சும்மா இருக்கேன்' என்கிறான். விடிகாலை மிளகு பறிக்கிறான், பகலில் கொத்து வேலைக்குக் கல் சுமக்கிறான். இதுதான் சும்மா.

1623 மீட்டர். சேர்வராயன் மலையில் இதற்கு மேல் ஏற இடமில்லை. ஏறினால் உச்சி கூராக இருக்கும் என்று நினைத்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். மேலே விரிந்த புல்வெளி, ஓயாத காற்று, அதன் ஓரத்தில் குகை. குனிந்துதான் உள்ளே போகணும், நிமிர்ந்தால் தலையில் இடிக்கும். சேர்வராயனும் காவேரியம்மனும் எண்ணெய்ப் பிசுக்கு இருட்டில் பக்கத்துப் பக்கத்தில். குகை காவிரி வரைக்கும் போகிறது என்று பூசாரி சொன்னார். மே மாதத் திருவிழாவுக்குக் கட்டாயம் வரச் சொன்னார். மே மாதம் நான் எங்கே இருப்பேன் என்று அவருக்கு என்ன தெரியும். எனக்கே தெரியாது.

இறங்கும்போதுதான் முழங்கால் பேச ஆரம்பித்தது. பையன் காப்பிச் செடியின் காய்ந்த தண்டு ஒன்றை வெட்டிச் சீவிக் கொடுத்தான். ஒல்லியாக இருக்கிறதே என்று பார்த்தேன். முழு எடையைப் போட்டாலும் வளையவில்லை. கணுவுக்குக் கணு கட்டைவிரல் சரியாகப் போய் உட்காருகிறது.

தண்ணித் தொட்டி மேட்டில் மட்டும்தான் சிக்னல். ஏறியதும் அண்ணனின் தவறிய அழைப்புகள் வரிசையாக வந்து விழுந்தன. ஏறாமலே இருந்திருக்கலாம்.

மார்ச் 12
அண்ணனின் மெசேஜ். "டோக்கன் போட்டாச்சு. 24-ஆம் தேதி காலை. பத்திர ஆபீஸுக்கு நீ வந்தா போதும். பீரோ சாவி உன்கிட்டதானே?"

பதில் போடவில்லை.

மார்ச் 13
வானத்தைப் பார்ப்பதுதான் இங்கே எல்லோருக்கும் தொழில். பூமழைக்குக் காத்திருக்கிறார்கள். காப்பிச் செடியில் மொட்டு வந்து அப்படியே உறங்கிக் கிடக்கிறது, இலைக் காம்பு சேருமிடத்தில் பச்சை ஊசி முனைகள் கொத்துக் கொத்தாக. நல்ல மழை ஒன்று நனைத்தால், எட்டு ஒன்பது நாளில் தோட்டம் மொத்தமும் ஒரே சமயத்தில் வெளுத்துப் பூக்கும். தூறலோடு நின்றுபோனால் மொட்டு பாதியில் கருகும். பூத்து இரண்டு மூன்று வாரத்தில் இன்னொரு மழை வேண்டும், பிஞ்சு நிற்க. இத்தனைக்கும் நடுவில் பூ செடியில் இருப்பது இரண்டு மூன்று நாள்தான்.

1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்த செடி. அவர் வைத்துவிட்டுப் போய்விட்டார். இரண்டு நூற்றாண்டாக வானத்தைப் பார்க்கிறவர்கள் இவர்கள்.

நானும் பார்க்கத் தொடங்கிவிட்டேன். இன்று மழை பெய்தால் பூ 21 அல்லது 22. கணக்கு எதற்குப் போடுகிறேன் என்று தெரிந்தேதான் போடுகிறேன்.

மார்ச் 14
மழை இல்லை.

மார்ச் 15
காலையில் மேற்கு விளிம்பு வரை. தனியாக. ஆயா, "பள்ளத்துப் பக்கம் போவாத கண்ணு, மாடு நிக்கும்" என்றார். போகவில்லை. மாடு பள்ளத்தில் நிற்காமல் பாதையில் நின்றது.

காட்டு மாடு. ஒற்றைக் கடா. பத்தடியோ பதினைந்தடியோ, அந்த நேரத்தில் அளக்கவா தோன்றும். மேலெல்லாம் கறுப்பு மினுமினுப்பு, முழங்காலுக்குக் கீழே மட்டும் பள்ளிக்கூடப் பிள்ளை போல வெள்ளை சாக்ஸ். கூட்டமாக வந்தால் பயமில்லை, ஒற்றையாக நின்றால் விலகு, ஓடாதே என்று பையன் சொல்லியிருந்தான். எங்கே விலகுவது? ஒரு பக்கம் முள்வேலி, மறுபக்கம் சரிவு. நின்றேன். மூக்கால் ஒரு தரம் சீறியது. அதன் காதோரம் ஈக்கள் உட்கார்வதும் எழுவதும் தெரிந்தது. பிறகு சில்வர் ஓக் மரங்களுக்குள் அவசரமே இல்லாமல் இறங்கிப் போனது. மிளகுக் கொடி ஒன்று அதன் தோளில் மாட்டி அறுந்தது.

அதன் பிறகு உட்கார்ந்ததுதான், வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. விளிம்பிலிருந்து கீழே ரயில் பாதை. லோக்கூர் பக்கமிருந்து டேனிஷ்பேட்டைக்கு ஒரு சரக்கு ரயில் நகர்ந்தது. சத்தம் வந்து சேருவதற்குள் பாதி ரயில் மரங்களுக்குப் பின்னால் போய்விட்டது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு எத்தனை தரம் அந்தப் பாதையில் சென்னைக்கும் சேலத்துக்கும் போய்வந்திருப்போம். ஜன்னலோரம் அவள்தான் உட்காருவாள். ஒருநாளும் இந்த மலையைக் காட்டிப் பேசியதில்லை.

மார்ச் 16
கால் வீங்கியிருக்கிறது. ஆயா விளக்கெண்ணெயைச் சூடாக்கிக் கொடுத்தார். மதியம் ராகிக் களி, அவரைக்கொட்டைக் குழம்பு.

எண்ணெய் காயும் வரை கதை சொன்னார். காஞ்சியிலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் மலையேறினார்களாம். பெரியண்ணன் சேர்வராயன் மலைக்கு, நடுவண்ணன் பச்சைமலைக்கு, சின்னண்ணன் கொல்லிமலைக்கு. மலையாளிகள் என்கிற இந்த மலைச் சனங்கள் எல்லோரும் அவர்கள் வழிதான், மூன்று மலையிலும்.

"தங்கச்சி யாரும் இல்லையா ஆயா?"

"இருந்திருப்பா. யாரு கேட்டா?"

ஆளுக்கொரு மலை. எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்களுக்கு இருப்பது ஒன்பது அடி அகலத்தில் ஒரு வீடு.

மார்ச் 17
அம்மாவின் பீரோவில் பெரிதாக ஒன்றும் இல்லை. எனக்குத் தெரியும், அண்ணனுக்கும் தெரியும். இரண்டு பட்டுப்புடவை, ஒரு கொலுசு, அப்பாவின் மில் அடையாள அட்டை, ரேஷன் கார்டு நகல்கள். அடித்தட்டில் அவள் மடித்து வைத்த மஞ்சள் பைகள், ஒவ்வொரு கல்யாணத்திலும் வாங்கியது. பூட்டை உடைக்க ஐந்து நிமிஷம் ஆகாது. உடைக்காமல் கேட்டுக்கொண்டிருக்கிறானே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மார்ச் 18
நாலு மணிக்குக் கிழக்கே கறுத்தது. இடி. ஊரே வாசலில் நின்றது. ஓட்டில் பத்துப் பதினைந்து துளி விழுந்தது, மண்வாசனை வந்தது, அத்தோடு சரி. பெட்டிக்கடைக்காரர் வானத்தைப் பார்த்து வைத வசவை எழுத முடியாது.

மார்ச் 19
பெய்தது! ராத்திரி பத்திலிருந்து ஒரு மணிக்கும் மேல். அறையில் இரண்டு இடத்தில் ஒழுகல், ஆயா அண்டாவும் குண்டானும் தள்ளிக்கொண்டு வந்தார். கரண்ட் போய்விட்டது. பக்கத்து வீட்டில் யாரோ சிரித்துக்கொண்டே இருந்தார்கள். இப்போது டார்ச்சைத் தாடையில் இடுக்கிக்கொண்டு எழுதுகிறேன். அப்படியென்றால் பூ 27, 28.

24 அதற்கு முன்னாலேயே வருகிறது.

மார்ச் 20
தொட்டி மேட்டில் ஏறி அண்ணனைக் கூப்பிட்டேன். டோக்கனைத் தள்ளிப் போடச் சொன்னேன். ஏன் என்றான். காப்பி பூக்கணும் என்றேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "கால் எப்படி இருக்கு?" என்றான். பரவாயில்லை என்றேன். "அங்க குளிருமே, போர்வை இருக்கா?"

தள்ளிப் போடுகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

மார்ச் 21
ஷூ இன்னும் காயவில்லை. நாளைக்குப் பையனோடு வடக்குச் சரிவு, பாதி வரை மட்டும். ஆறு மணிக்கு வருகிறேன் என்றிருக்கிறான். ஆயா சாமைச் சோறு கட்டித் தருகிறாராம், வேண்டாம் என்றால் கேட்க மாட்டார்.