விசென்டர் அப்ளையன்ஸும் அதன் ஷெல்லும்

மெய்நிகர் கணினிகளையும் அவை ஓடும் சர்வர்களையும் ஒரே இடத்திலிருந்து மேலாளும் விஎம்வேர் விசென்டர் சர்வர் அப்ளையன்ஸை நிர்வகிக்க 5480 என்ற போர்ட்டில் இணையப் பக்கம் இருந்தாலும், நான் பெரும்பாலும் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து பாதுகாப்பாக இணையும் முறை) வழியாக ஷெல்லில், அதாவது கட்டளைகளைத் தட்டும் இடத்தில், நுழைந்தே வேலை பார்க்கிறேன். ரூட் (முழு அதிகாரமுள்ள) பயனராக உள்நுழைந்ததும் முதலில் வருவது அப்ளையன்ஸுக்கே உரிய, வரையறுக்கப்பட்ட ஷெல். அங்கே ‘ஷெல்’ என்று தட்டினால்தான் அப்ளையன்ஸின் அடியில் ஓடும் ஃபோட்டான் லினக்ஸின் முழு ஷெல்லான பேஷ் கிடைக்கும். நெட்வொர்க், என்டிபி (நேர ஒத்திசைவு) அமைப்புகளுக்கு முதல் ஷெல்லே போதும். கண்காணிப்புக்குத்தான் பேஷ் வேண்டும்: வட்டில் எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது என்று காட்டும் ‘டிஎஃப் -ஹெச்’ கட்டளையின் விடையில் லாக் (பதிவு) கோப்புகளுக்கான பகுதி 95 சதவீதத்தைத் தாண்டியிருந்தால், இடமில்லாமல் சேவைகள் நின்றுபோவதற்கு முன்பே, எந்தக் கோப்பு பெருத்திருக்கிறது என்று, கோப்புகள் பிடிக்கும் இடத்தைக் கணக்கிடும் ‘டியூ’ கட்டளையைக் கொண்டு கண்டுபிடித்துவிடலாம். சேவைகளின் நிலையை ‘சர்வீஸ்-கன்ட்ரோல்’ காட்டும். இணையப் பக்கத்தை வழங்கும் சேவையே நின்றுவிட்ட வேளையிலும் இந்த வழி திறந்திருக்கும் என்பதால், எஸ்எஸ்ஹெச்சை நிரந்தரமாக முடக்கிவிடும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. ஃபயர்வாலில் நிர்வாகிகளின் முகவரிகளுக்கு மட்டும் அனுமதி தருவதே சரி.