சின்னவனும் ஜோயி அலெக்சாண்டரும்: ஜூன் மாத நாட்குறிப்பு

ஜூன் 2, 2024, ஞாயிறு

இன்று ஒரு தப்புப் பண்ணினேன். பியானோ தேர்வுக்கான கிரேடு 2 பீஸை வாசிக்க மாட்டேன் என்று சின்னவன் கீபோர்டு ஸ்டாண்டுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். அவனை எழுப்ப யூடியூபில் இந்தோனேசிய ஜாஸ் பியானோக்காரர் ஜோயி அலெக்சாண்டரைப் போட்டேன். 2014, நியூயார்க், ஜாஸ் அட் லிங்கன் சென்டர் மேடை. பத்து வயதுப் பையன், ஜாஸ் பியானோ மேதை தெலோனியஸ் மங்கின் ‘ரவுண்ட் மிட்நைட்’டை அவசரமே இல்லாமல் வாசிக்கிறான்.

“உன் வயசுதான்டா” என்றேன்.

கடைசி வரை பார்த்தான். “இந்த அண்ணாவுக்கு ஸ்கூல் லீவாம்மா?” என்று கேட்டுவிட்டு மறுபடியும் ஸ்டாண்டுக்கு அடியில் போய்விட்டான்.

ஜூன் 5, புதன்

அவன் தூங்கிய பிறகு தேடிப் படித்தேன். ஜோயி பிறந்தது பாலித் தீவின் டென்பசாரில், 2003 ஜூன் 25 அன்று. அப்பா தொழில்முறைக் கலைஞர் இல்லை, ஆனால் வீட்டில் ஜாஸ் இசைத்தட்டுகள் ஓடிக்கொண்டே இருந்திருக்கின்றன. ஆறு வயதில் ஒரு குட்டி எலெக்ட்ரிக் கீபோர்டு கிடைத்ததும், மங்கின் ‘வெல், யூ நீடின்ட்’ மெட்டைக் காதால் கேட்டே பிடித்துவிட்டான். ஊரில் ஜாஸ் சொல்லித்தர ஆளில்லாததால் குடும்பமே ஜகார்த்தாவுக்குப் போனது. அங்கே பெரியவர்களோடு சேர்ந்து வாசித்துத்தான் படிப்பு. எட்டு வயதில் ஜாஸ் பியானோ ஜாம்பவான் ஹெர்பி ஹான்காக் முன்னால் வாசிப்பு. 2013இல் உக்ரைனின் ஒடேசாவில் 17 நாட்டுக்காரர்கள் கலந்துகொண்ட போட்டியில் முதல் பரிசு.

பரிசு இருக்கட்டும். ‘காதால் கேட்டே’ என்பதுதான் என்னைக் குத்தியது. இங்கே சின்னவன் டிவி விளம்பர மெட்டைத் தட்டினால், “முதல்ல பீஸை முடி” என்று சொல்வது நான்தான்.

ஜூன் 9, ஞாயிறு

பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் ‘ஜயன்ட் ஸ்டெப்ஸ்’. ஜோயி 11 வயதில் பதிவு செய்த முதல் ஆல்பத்தில் இருக்கிறது.

சாக்ஸபோன் மேதை ஜான் கோல்ட்ரேனின் இந்த உருப்படியை நம் ஆட்களுக்கு எப்படிச் சொல்வது? ஆதார ஷட்ஜத்தையே நகர்த்திக்கொண்டே இருந்தால் எப்படி இருக்கும்? அதுதான். பி, ஜி, ஈ ஃப்ளாட் என்று மூன்று இடங்கள், எல்லாமே 16 பார்களுக்குள் (பார் என்றால் நம் ஆவர்த்தனம் மாதிரி ஒரு தாளக் கட்டு), அதுவும் ஓட்டமான வேகத்தில். ஒரு இடத்தில் காலை ஊன்றுவதற்குள் தரை மாறிவிடும். கோல்ட்ரேனின் 1959 பதிவில் பியானோ வாசித்தவர் டாமி ஃபிளானகன், அப்போது 29 வயது, கைதேர்ந்தவர். தன் முறை வந்ததும் தடுமாறுவார். இசை வரிகள் பாதியில் அறுந்து, கடைசியில் வெறும் கார்டுகளாக (chord, பல ஸ்வரங்களைச் சேர்த்து அழுத்துவது) நின்றுவிடும். 1982இல் அதே பெயரில் ஒரு ஆல்பமே போட்டு, அந்தக் கணக்கை அவர் தீர்த்துக்கொண்டது வேறு கதை.

29 வயதுக்காரருக்கு வராதது 11 வயதுப் பையனுக்கு வந்துவிட்டது என்று சொல்வது சுலபம். ஃபிளானகனுக்குக் கேட்டுப் பழக ஒரு ரிக்கார்டு இல்லை, ஜோயிக்கு இருந்தது. அதை மறந்துவிட்டு வாயைப் பிளப்பது சரியாகப் படவில்லை.

(இறங்க வேண்டிய ஸ்டாப்பை விட்டுவிட்டேன்.)

ஜூன் 16, ஞாயிறு

2016 பிப்ரவரியில் அமெரிக்காவின் பெரிய இசை விருதான கிராமியின் மேடை, ஏப்ரலில் வெள்ளை மாளிகை. அந்த விழாவில் இரண்டு கிராமி நியமனங்கள் இருந்தன, பரிசு வரவில்லை. அப்போதைய செய்திகளில் எல்லாம் வயதுதான் தலைப்பு, வாசிப்பு அதற்கடுத்துத்தான்.

எனக்குப் பிடித்தது 2020இல் வந்த ‘வர்ணா’ ஆல்பம். இந்தோனேசிய மொழியில் நிறம். நம் வர்ணம்தான் கடல் தாண்டிப் போயிருக்கிறது. பெரும்பாலும் அவரே இயற்றியவை. 2022இன் ‘ஆரிஜின்’ முழுக்க அவருடையது. பழைய விரல் வித்தை இதிலெல்லாம் குறைவு. ஒரு சின்ன மெட்டை எடுத்து, அதிலேயே நின்று, திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். யூடியூபில் சிறுவன் ஜோயிக்குக் கூடிய கூட்டம் இதற்கு இல்லை. அது எனக்கு எரிச்சலாகக்கூட இருக்கிறது.

ஜூன் 25, செவ்வாய்

இன்று ஜோயிக்கு 21.

சாயங்காலம் சின்னவன் தானாக உட்கார்ந்தான். பீஸின் மூன்றாவது வரியில் எஃப் வர வேண்டிய இடத்தில் அதற்கு அரை ஸ்வரம் மேலே இருக்கும் எஃப் ஷார்ப். மறுபடியும் அதே. சமையலறையிலிருந்தே, “எஃப்டா!” என்று கத்தினேன்.

“தெரியும்மா. இதுதான் நல்லாருக்கு.”

கரண்டியோடு போய் நின்றேன். எஃப் ஷார்ப்பில் கொஞ்ச நேரம் தொங்கிவிட்டு ஜி-க்கு வழுக்கினான். தேர்வில் மார்க் போகும்.

“சரி, இன்னொரு தடவை வாசி.”

“எதும்மா? புஸ்தகத்துல இருக்கறதா, இதா?”

“இது.”

நாலு தடவை வாசித்தான். அப்புறம் தோசை கருகுற வாசனை வருது என்றான்.