தீர்ந்துபோன எண்கள்

கோத்தகிரிப் பக்கம் இன்டர்நெட் இணைப்பு வேலையாக வீடு வீடாக ஏறி இறங்கும் எங்களுக்குக் கரடி கதை புதிதல்ல. ஒரு அம்மாவின் வீட்டில் கொல்லைக் கதவுக்கு மேலே ஒரு கேமரா. ராத்திரியில் மகன் கோயம்புத்தூரிலிருந்து போனில் பார்த்துவிட்டு, "கரடி நிக்குதும்மா, கதவைத் திறக்காதீங்க" என்பாராம். நாங்கள் இணைப்புகளை சிஜிநாட்டுக்கு, அதாவது பல வீடுகள் ஒரே பொது இணைய முகவரியை (ஐபி) பகிரும் முறைக்கு, மாற்றியதும் படம் நின்றுவிட்டது.

ரவுட்டரில் வெளிப்பக்க முகவரி (வான் ஐபி) 100.64 என்று தொடங்கியது, சிஜிநாட்டின் அடையாளம் அது. பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரி என்றால் உள்ளிருந்து வெளியே போகலாம். வெளியிலிருந்து, கேமரா படத்தைப் பதிவுசெய்யும் டிவிஆர் பெட்டியைத் தேடி வர வழியில்லை. வெளியிலிருந்து வருவதை டிவிஆருக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங் ரவுட்டரில் போட்டது போட்டபடி இருந்தும் பிரயோசனமில்லை.

"பழைய நம்பரெல்லாம் தீந்துபோச்சும்மா" என்றேன். பொய்யில்லை. பழைய முகவரி முறையான ஐபிவி4-இல் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள். உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே காலி. ஆனால் அதே மூச்சில், "மாசம் கொஞ்சம் கூடக் கட்டினா ஸ்டாட்டிக் ஐபி போட்டுத் தர்றோம்" என்றும் சொன்னேன். அந்த வீட்டுக்கென்றே தனியாக ஒரு பொது முகவரி.

"தீந்துபோச்சுன்னீங்க. காசு குடுத்தா மட்டும் எங்கிருந்து தம்பி வருது?"

கொஞ்சம்தான் இருக்கிறது, எல்லோருக்கும் பத்தாது, அதனால் விலை வைக்கிறோம். இதைச் சொல்லியிருக்கலாம். நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் அவருக்கு முதல் நாள்வரை இருந்ததை எடுத்தது நாங்கள்தானே? அவர் எதையும் தொடவில்லை, கட்டணமும் பாக்கி வைக்கவில்லை.

புதிய முகவரி முறையான ஐபிவி6-ஐயும் கூடவே கொடுத்திருந்தோம், அதையும் சொல்லியாக வேண்டும். ரவுட்டர் எடுத்துக்கொண்டது, போனும் எடுத்துக்கொண்டது. டிவிஆரின் நெட்வொர்க் பக்கத்தில் மட்டும் முகவரிக்கு நான்கே கட்டங்கள். ஐபிவி4-க்கு அது போதும், 128 பிட் நீள ஐபிவி6 முகவரியை அதில் எங்கே போடுவது? கேமரா கம்பெனியின் சர்வர் வழியாகப் பார்க்கும் வசதியும் அதில் இல்லை. பெட்டி பழசு என்றேன். அதை மாட்டிக் கொடுத்ததும் எங்கள் பையன்தான் என்று அந்த அம்மா நினைவுபடுத்தினார்.

மகன் ஒரு வார்த்தை கேட்காமல் ஜிபேயில் பணம் அனுப்பினார். படம் வந்துவிட்டது.

அப்புறம் பக்கத்தில் அரவேணுவில் ஒருவரிடமிருந்து இதே புகார். இந்தத் தடவை தீர்ந்துபோன கதையையே எடுக்காமல் கட்டணத்தை மட்டும் சொன்னேன். சரி என்றார். வேலை சுலபமாக முடிந்தது. இப்படித்தான் பேச வேண்டும் என்கிறார் முதலாளி, இருக்கலாம். அந்த அம்மாவிடம் நான் பேசியது முன்னுக்குப் பின் முரண்தான். ஆனாலும் அவரால் என்னைத் திருப்பிக் கேட்க முடிந்தது.