ஆடிக்கூழ்: ருசி பார்க்காமல் பக்குவம் பிடிப்பது எப்படி

அம்மனுக்குக் கூழ் வார்ப்பதில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. படைத்து முடிக்கும்வரை யாரும் நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது. உப்பு சரியா, புளிப்பு ஏறிவிட்டதா, மாவு வெந்ததா என்று எதையும் வாய் சொல்லாது. அளவும் மூக்கும் கையும்தான் சொல்ல வேண்டும். அம்மன் முன் வைக்கும் கூழும் தெருக்கோடியில் தூக்குவாளியோடு நிற்கும் பிள்ளைக்கு ஊற்றும் கூழும் ஒரே அண்டாவிலிருந்துதான் வருகின்றன. அதனால் மாலை, தோரணம், ஒலிபெருக்கி எல்லாவற்றுக்கும் முன்னால் கூழின் பக்குவத்தைத்தான் வைப்பேன். தண்ணீராய் ஓடுகிற, பச்சை மாவு வாசம் அடிக்கிற கூழை ஊற்றிவிட்டு வேண்டுதல் தீர்ந்தது என்று நினைக்க மனம் வரவில்லை.

கூழ் ஏன் என்பதற்குப் படவேடு ரேணுகாம்பாள் கதையைத்தான் பெரியவர்கள் சொல்வார்கள். கணவர் ஜமதக்னி முனிவர் கொல்லப்பட்டதும் ரேணுகை தீயில் இறங்க, இந்திரன் மழை பொழிந்து நெருப்பை அணைத்தான். உடலெங்கும் கொப்புளம். வேப்பிலையை ஆடையாகச் சுற்றிக்கொண்டு ஊருக்குள் வந்தவளுக்குக் கிடைத்தவை பச்சரிசி மாவு, வெல்லம், இளநீர். அவளையே மாரியம்மனாகக் கும்பிடுகிறோம். இன்றைக்கும் மாரியம்மனுக்கு ஆகிவந்த பொருள்களைப் பாருங்கள்: துள்ளுமாவு (பச்சரிசி மாவும் வெல்லமும் கலந்தது), மாவிளக்கு, இளநீர், வேப்பிலை, கூழ். எல்லாமே உடம்பைக் குளிர்விப்பவை. பெரியபாளையத்தில் வேப்பஞ்சேலை கட்டி வலம் வருவதும், சமயபுரத்தாள் மாசி கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாள் பச்சைப் பட்டினி இருந்து துள்ளுமாவு, பானகம், நீர்மோர் போன்றவற்றை மட்டும் ஏற்பதும் இதே வழியில் வந்தவைதான்.

சரி, கூழுக்கு வருவோம். சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் பெரும்பாலும் ஆடி ஞாயிறுகளில்தான் கூழ் வார்ப்பார்கள். வீட்டு அளவு சொல்கிறேன்: கேழ்வரகு மாவு 1 கிலோ, பச்சரிசி நொய் 250 கிராம், கல் உப்பு 60 கிராம், கடைந்த மோர் 2 லிட்டர். கடைசியில் ஏறக்குறைய 10 லிட்டர் கூழ் வரும். பெரிய டம்ளரால் ஊற்றினால் 40 பேருக்குக் காணும்.

மாவைக் கடையில் வாங்குவதைவிடக் கேழ்வரகைக் கல் நீக்கிக் கழுவி, காயவைத்து அரைத்துக்கொள்வது நல்லது. மெஷினில் உங்களுக்கு முன்னால் மிளகாயோ மல்லியோ அரைத்திருந்தால் காத்திருந்து, வேறொருவர் அரிசி அரைத்த பிறகு கொடுங்கள். அந்தக் காரநெடி மாவில் ஏறிவிட்டால் எத்தனை மோர் ஊற்றினாலும் போகாது.

சனிக்கிழமை காலை 7 மணிக்கு மாவைக் கரைக்க வேண்டும். முதலில் அரை லிட்டர் தண்ணீரில் தோசை மாவு பதத்துக்குக் கட்டியில்லாமல் பிசைந்துகொண்டு, பிறகு மீதி இரண்டரை லிட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கரையுங்கள். மொத்தத் தண்ணீரிலும் மாவை ஒரேயடியாகக் கொட்டினால் உள்ளே உலர்ந்த மாவோடு சிறு கட்டிகள் நிற்கும். அவை புளிக்கவும் செய்யாது, வேகவும் செய்யாது. பாத்திரம் மண்பானையாகவோ எவர்சில்வராகவோ இருக்கட்டும். அலுமினியமும் ஈயம் பூசாத பித்தளையும் புளிப்போடு சேர்ந்தால் களிம்பு வாடை வரும், உடம்புக்கும் ஆகாது. இந்தக் கட்டத்தில் உப்புப் போட வேண்டாம்; உப்புப் போட்டால் புளிப்பது மந்தமாகும்.

ஆடி வெயிலில் 10 மணி நேரம் போதும். மேலே சின்னச் சின்னக் குமிழி, தெளிந்த நீர், மோர் போன்ற மெல்லிய புளிப்பு வாசம், இவை இருந்தால் பதம் சரி. மழை பெய்து குளிர்ந்திருந்தால் கரைக்கும்போதே ஒரு டம்ளர் நீராகாரம் சேர்த்துவிடுங்கள். மூக்கைத் துளைக்கும் கள் வாடை அடித்தால் புளிப்பு மிஞ்சிவிட்டது என்று பொருள்: மேலே தெளிந்த நீரை வடித்துவிட்டு அதே அளவு நல்ல தண்ணீர் ஊற்றிக் கிண்டத் தொடங்கலாம். பச்சையோ கறுப்போ பூஞ்சை தெரிந்தால் யோசிக்கவே வேண்டாம், மொத்தத்தையும் கொட்டிவிட வேண்டும்.

மாலை 5 மணிக்கு அடுப்பு. 2 லிட்டர் தண்ணீர் கொதித்ததும் கழுவிய நொய்யைப் போட்டு, கையால் நசுக்கினால் மசியும்வரை குழைய விடுங்கள். நொய் அரைவேக்காட்டில் இருக்கும்போது மாவை ஊற்றினால் அதற்குப் பிறகு அது வேகவே வேகாது. மாவு அதைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். பானை அடியில் மாவு படிந்திருக்கும் என்பதால் நன்றாகக் கலக்கிவிட்டு, தீயைக் குறைத்து, ஒருவர் மெல்லிய தாரையாக ஊற்ற இன்னொருவர் துடுப்பால் துழாவ வேண்டும். இரண்டு வேலையையும் ஒருவரே செய்யப் பார்த்தால் கட்டி தட்டும். பத்து நிமிடத்தில் இறுகிவிடும். பலரும் அங்கேயே இறக்கிவிடுகிறார்கள். வயிற்றுக்கோளாறு வருவது அந்த அவசரத்தால்தான். இன்னும் 20 முதல் 25 நிமிடம் சிறுதீயில் கிண்ட வேண்டும். நிறம் அடர்ந்து மேலே பளபளப்பு வரும், பச்சை வாசம் போய்விடும். கையைத் தண்ணீரில் நனைத்துச் சட்டென்று தொட்டுப் பாருங்கள், ஒட்டாவிட்டால் வெந்துவிட்டது. நடுவில் மிகவும் இறுகினால் கொதிநீர் மட்டும் சேர்க்கலாம். பச்சைத் தண்ணீர் பட்ட இடம் கட்டியாகிவிடும்.

அடிப்பிடித்துவிட்டால் சுரண்டாதீர்கள். தீயை அணைத்து, மேலாக உள்ளதை வேறு பாத்திரத்துக்கு மாற்றித் தொடருங்கள். ஒருமுறை சுரண்டினாலும் தீய்ந்த வாசம் முழுவதிலும் பரவும்.

இறக்கியதும் ஏடு கட்டாமலிருக்க ஒரு டம்ளர் வெந்நீரை மேலே பரப்பி ஊற்றி, சூடு ஆறும்வரை வெள்ளைத் துணியால் மூடி வையுங்கள். சூட்டோடு தட்டுப் போட்டு மூடினால் ஆவி வியர்த்துச் சொட்டி, மேல்பகுதி விடியும்முன் நீர்த்துக் கெட்டுவிடும்.

ஞாயிறு காலை பானைக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கழுத்தில் வேப்பிலையும் மஞ்சள் கிழங்கும் கட்டுங்கள். பிறகு கூழைக் கையால் மசித்து, இரண்டு மூன்று லிட்டர் தண்ணீரில் கரைத்து, தண்ணீரில் கரைத்து வடிகட்டிய உப்பைச் சேருங்கள். கல் உப்பில் மண் இருக்கும், அதனால்தான் வடிகட்டுவது. படையலுக்கு வேண்டிய அளவில் மட்டும் மோரும் பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயமும் கலந்தால் போதும். வார்க்கும்போது மீதியை நான்கைந்து தவணையாகக் கலந்துகொள்ளலாம். எல்லாவற்றிலும் முன்கூட்டியே மோர் ஊற்றிவிட்டால் உச்சிப்பொழுதுக்குள் கடும்புளிப்பாகிவிடும்.

முருங்கைக்கீரையும் மாங்காயும் கூடவே வைப்பது வழக்கம். கருவாட்டுக் குழம்பு அந்தந்த வீட்டு முறை. சில தெருக்களில் அன்றிரவு சோற்றை மலையாகக் குவித்துக் கும்பம் போடுவார்கள், அதற்குக் கருவாடு இல்லாமல் முடியாது. சைவ வீட்டார் அதைக் குறை சொல்வதும், மற்றவர் சைவப் படையலைக் கேலி செய்வதும் வேண்டாத வேலை. அம்மன் இரண்டையும் ஏற்றவள்.

தெருக் கூழ் என்றால் கணக்கு மாறும். 25 கிலோ மாவை ஒரே அண்டாவில் புளிக்க வைத்தால் உள்சூடு தங்கி ஏழெட்டு மணி நேரத்திலேயே மிஞ்சிவிடும். ஐந்தாறு பாத்திரங்களாகப் பிரியுங்கள். கிண்டும்போதும் ஓர் அண்டாவுக்கு 10 கிலோவுக்கு மேல் வேண்டாம், துடுப்பு அடிவரை போகாது. பெரிய அண்டாவில் தண்ணீர் வற்றுவது குறைவு என்பதால் கிலோவுக்குக் கால் லிட்டர் குறைத்து ஊற்றலாம். வீட்டுக்கு வீடு பானை சுமந்து வந்து கோயில் கொப்பரையில் சேர்க்கும் ஊர்களில், யாரும் வீட்டில் உப்புப் போடக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும்; எல்லாம் சேர்ந்த பிறகு ஒரே கை உப்புப் போட்டால்தான் அளவு நிற்கும். ஒவ்வொரு பானையையும் கொட்டுமுன் ஒருவர் முகர்ந்து பார்ப்பதும் அவசியம். கெட்ட பானை ஒன்று போதும், கொப்பரை முழுவதும் வீணாக. சுமந்து வந்த அம்மாவின் மனம் நோகாமல் தனியாக அழைத்துச் சொல்லுங்கள்.

ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் டம்ளர்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. தொன்னையில் கூழ் கசியும், இரட்டையாக வைத்துக் கொடுங்கள். சொம்பும் தூக்கும் கொண்டுவரச் சொல்வது இன்னும் நல்லது. முதியவர்களுக்கும் கைக்குழந்தைக்காரர்களுக்கும் தனி வரிசை விட்டால் நெரிசல் வராது.

மோர் கலந்த கூழ் மாலைக்கு மேல் தாங்காது. கலக்காதது மிஞ்சினால் தண்ணீர் ஊற்றி வைத்து மறுநாள் காலைவரை குடிக்கலாம். மீந்ததையெல்லாம் அண்டாவோடு மாட்டுக்கு வைக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள்: புளித்த மாவு அதிகமாக உள்ளே போனால் மாட்டுக்கு வயிறு உப்பி உயிருக்கே ஆபத்தாகும். ஒரு மாட்டுக்கு ஒரு சொம்பு, அதுவும் வைக்கோல் தின்ற பிறகு.