எஃப், எல், டி, செமி

பதினொன்றாம் வகுப்பு வணிகவியல் பிரிவில் பார்வையற்ற மாணவி ஒருத்தி சேர்ந்தாள். வகுப்பு லேப்டாப்பை அவள் யார் துணையும் இல்லாமல் இயக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. திரையில் இருப்பதைக் குரலில் படித்துக்காட்டும் என்விடிஏ என்ற திரைவாசிப்பானை நிறுவினேன். அதற்குக் காசு கிடையாது. பார்வையற்ற ஆஸ்திரேலியர் ஒருவர் 2006-ல் தொடங்கிய மென்பொருள் அது. தமிழ்க் குரலும் அதற்குள்ளேயே இருக்கிறது. அந்த இயந்திரக் குரல் எனக்குப் பிடிபடவே இல்லை. அவளோ வேகத்தை இன்னும் கூட்டச் சொன்னாள். இயர்போனை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டாள், மறு காது பாடத்துக்கு. அரை நாளில் எல்லாம் முடிந்ததென்று நம்பினேன்.

மறுநாள் என் பாடக்குறிப்பைத் திறந்தவள், "மிஸ், தமிழே வரல" என்றாள். "கடன்" என்ற சொல்லில் எழுத்தெழுத்தாக நகர்ந்தால் "எஃப், எல், டி, செமி" என்று கேட்டது. செமி என்றது செமிகோலனை. பத்து வருடமாக நான் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த குறிப்புகள் அவை. பாமினியில் கண்ணுக்குத் தெரிவதுதான் தமிழ், கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்து. தமிழைத் தமிழாகவே கோப்பில் சேமிக்கும் யூனிகோடைத் தமிழக அரசு 2010-லேயே தரமாக ஏற்றுவிட்டது. நான் மாறாமல் இருந்ததற்கு அன்று உண்மையாகவே வருந்தினேன்.

பாமினியை யூனிகோடாக்கும் என்எச்எம் கன்வெர்ட்டர் என்ற மென்பொருளில் மாற்றிப் பார்த்தேன். தமிழ் சரியாக வந்தது, ஆனால் நடுவில் ஆங்கிலத்தில் இருந்த ஜிஎஸ்டி "புளுவு" ஆகிவிட்டது. ஆங்கிலச் சொற்களைத் தேடித் தேடித் திருத்தினேன். மூன்று வாரம் ஆனது.

அதைவிடக் கடினம் கணக்குப் பாடத்தின் குறிப்பேட்டுப் (ஜர்னல்) பதிவுகள். ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டித்தான் பற்று, வரவுப் பத்திகளை ஒதுக்கியிருந்தேன். காதால் கேட்பவளுக்கு அந்த இடைவெளியில் ஒரு பொருளும் இல்லை. எந்தத் தொகை பற்று, எது வரவு என்று அவளால் பிரிக்க முடியவில்லை. எல்லாவற்றையும் முறையான அட்டவணையாக்கி, முதல் வரிசையைத் தலைப்பு என்று குறித்தேன். இப்போது கன்ட்ரோல், ஆல்ட்டுடன் அம்புக்குறியை அழுத்திக் கட்டம் கட்டமாகப் போகிறாள். பத்தி மாறும்போது "பற்று", "வரவு" என்று குரல் சொல்கிறது. முதல் முறை அப்படிக் கேட்டதும் அதே பதிவை நான்கு தடவை திரும்ப ஓடவிட்டாள்.

பழைய வினாத்தாள்கள் மட்டும் பாக்கி. அவை ஸ்கேன் செய்த படங்கள், வாசிப்பானுக்கு வெற்றுத் தாள். அவள் வகுப்புத் தோழிகள் நால்வரும் நானும் சனிக்கிழமை மதியங்களில் அவற்றை யூனிகோடில் தட்டச்சு செய்கிறோம். பிழை பார்ப்பது அவள்தான்.