நன்றியுரையில் தேடிய ஏஜென்ட்கள்

தமிழில் எழுதியிருந்தால், எழுத்தாளருக்காகப் பதிப்பகத்திடம் பேசிப் புத்தகத்தை விற்றுத் தரும் ஏஜென்டைத் தேடும் இந்தத் தலைவலியே இல்லை. பதிப்பாளருக்கு நேராக மெயில் போடலாம், புத்தகக் காட்சியில் ஸ்டாலுக்கே போய்ப் பேசலாம். நான் எழுதியிருப்பதோ தூத்துக்குடி உப்பளத்தில் நடக்கும் ஆங்கில நாவல். லண்டனின் பெரிய பதிப்பகங்கள் பெரும்பாலும் ஏஜென்ட் மூலம் வருவதைத்தான் படிக்கின்றன.

பெயர் பிடிக்க நான் பார்த்தது நாவல்களின் நன்றியுரைப் பக்கம். வீட்டாருக்கு முன்னாலேயே அநேகமாக ஏஜென்ட் பெயர் வந்துவிடும். என் கதைக்கு உறவு சொல்லக்கூடிய, அண்மையில் வந்த புத்தகங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். பழைய புத்தகத்தின் ஏஜென்ட் ஓய்வே பெற்றிருக்கலாம். பிறகு ஏஜென்சிகளின் தளங்களுக்குப் போனால், பலர் இப்போது புதுப் பிரதி வாங்குவதில்லை என்று போட்டிருந்தார்கள்.

ஒரே ஏஜென்சியில் இரண்டு பேருக்கு ஒரே சமயத்தில் அனுப்பக் கூடாது. சில இடங்களில் ஒருவர் மறுத்தால் மொத்த ஏஜென்சியும் மறுத்ததாகக் கணக்கு. அதனால் ஒரு இடத்தில் நிறைய யோசித்தேன். அங்கே மூத்தவர் பெரிய பரிசு வாங்கிய எழுத்தாளர்களை வைத்திருப்பவர்; குடும்பக் கதை வேண்டும் என்கிறார். இளையவர் இப்போதுதான் எழுத்தாளர்களைச் சேர்க்கிறார். உடலுழைப்பைப் பற்றிய நாவல் கேட்கிறார். இளையவருக்கே அனுப்புகிறேன். ஒப்பந்தம் பார்க்க ஏஜென்சி இருக்கிறது, முதல் நாவல்காரிக்கு நேரம் ஒதுக்க அவர் இருக்கிறார்.

உள்நாட்டு விற்பனைக்கு 15 சதவீதம், வெளிநாடு, மொழிபெயர்ப்புக்கு 20 என்பது பொதுவான கமிஷன். புத்தகம் விற்றால்தான் அவர்களுக்கும் காசு. படித்துப் பார்க்கவே கட்டணம் கேட்டார் ஒருவர், பெயரை அடித்துவிட்டேன்.

அமெரிக்காவை இப்போதைக்குத் தள்ளிவைத்திருக்கிறேன். அங்கே பலர் ஒரு பக்கக் கடிதமும் முதல் ஐந்து, பத்துப் பக்கங்களும்தான் கேட்கிறார்கள். என் முதல் ஐந்து பக்கத்தில் விடியுமுன் பாத்தியில் உப்பு வாருகிறார்கள், யாரும் வாயே திறப்பதில்லை. லண்டனில் கதைச் சுருக்கத்தோடு மூன்று அத்தியாயம் வாங்குகிறார்கள். அதற்குள் சண்டையே வந்துவிடும்.

“உப்பளத்துக் கதைய வெள்ளைக்காரன்கிட்ட எதுக்குடி கொண்டுபோற? நம்ம நாட்டுல ஆளே இல்லையா?” என்றாள் அக்கா. இருக்கிறார்கள். டெல்லியில் ரைட்டர்ஸ் சைட், ஜெய்ப்பூரில் சியாஹி. முதல் சுற்றில் இந்தியா, இங்கிலாந்து இரண்டு நாட்டுக்கும் கலந்தே அனுப்புகிறேன். யார் முழுப் பிரதி கேட்டுப் பேச வந்தாலும், இந்தியத் துணைக்கண்டத்தில் வெளியிடும் உரிமையைத் தனியாக விற்பீர்களா என்பதுதான் என் முதல் கேள்வி.