கடைமுகத்துக்கு மறுநாள்

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் அப்பாயி வெந்நீர் அடுப்பை மூட்டவே விடாது. "காவேரி ஓடுறப்ப கொப்பரை எதுக்குடா?" என்று கேட்கும். விடியுமுன்னே தூறலில் நனைந்தபடி காவிரிப் படித்துறையான துலாக்கட்டத்துக்கு நடக்க வேண்டியதுதான். 1982-இல் ஊருக்கு மயிலாடுதுறை என்று பெயர் மாறியது, 2020-இல் தனி மாவட்டமே ஆனது. பஸ்ஸில் கண்டக்டர் வாயில் மட்டும் இன்னமும் மாயவரம்தான்.

ஐப்பசி முழுக்க கங்கை முதலான நதிகள் எல்லாம், ஜனங்கள் தங்களிடம் விட்டுப் போன பாவத்தைக் கரைக்க இங்கே காவிரிக்கு வருவதாக ஐதீகம். முதல் முழுக்குக்குத் திருப்பராய்த்துறை, கடை முழுக்குக்கு மாயூரம் என்பார்கள். மாதக் கடைசி நாள்தான் கடைமுகம். நடுப்பகலில் மயூரநாதர், ஐயாறப்பர், வள்ளலார் கோயில் வதான்யேசுவரர் என்று ஊர்ச் சாமிகள் காவிரிக் கரைக்கு வந்து நிற்க, தீர்த்தவாரி நடக்கும். "ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகாது" என்ற பழமொழியை அன்றைக்கு நூறு தடவையாவது கேட்கலாம். சொல்பவர்கள் பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள்.

உள்ளூர்க்காரர்கள் பாடு வேறு. கடைமுகத்துக்கு முன்பே கிராமங்களிலிருந்து சொந்தபந்தம் எல்லாம் வந்து இறங்கிவிடும். அடைமழைக் காலம் வேறு, துவைத்த துணி எதுவும் காயாது. கூடத்தில், திண்ணையில், மாட்டுக்கொட்டகையில் என்று கயிறு கட்டி ஈர வேட்டியும் புடவையும் தொங்கும். வருகிறவர்களுக்கெல்லாம் இலை போட வேண்டும். சாமி ஆற்றில் இறங்கும் நேரத்தில் அம்மாவும் அத்தைகளும் சாம்பார் இறக்கிக்கொண்டிருப்பார்கள். ஊரே புண்ணியம் தேடி வருகிற நாளில், அந்த ஊர்ப் பெண்களுக்கு ஆற்றங்கரைக்குப் போக நேரம் இருக்காது.

அதனால் எங்கள் வீட்டுக்குக் கடைமுகத்தைவிட மறுநாள்தான் முக்கியம். கார்த்திகை முதல் தேதி, முடவன் முழுக்கு. நடக்க முடியாத பக்தர் ஒருவர் துலா ஸ்நானத்துக்கு, அதாவது ஐப்பசிக் காவிரி முழுக்குக்குப் புறப்பட்டு, ஊர்ந்து ஊர்ந்து வந்து சேர்வதற்குள் ஐப்பசி முடிந்துவிட்டதாம். அழுதிருக்கிறார். உனக்காக ஒரு நாள் கூடத் தந்தேன், இன்று மூழ்கினாலும் அதே பலன் என்று ஈசன் சொன்னதாகக் கதை. உறவுகளை வழியனுப்பிவிட்டு, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, தெருப் பெண்கள் ஒன்றாகக் கிளம்பிப் போகிற நாள் அது. வழியெல்லாம் சிரிப்பாக இருக்கும்.

கடைமுகத்துக்கு உள்ளூர் விடுமுறை உண்டு, மறுநாள் கிடையாது. முதல் பீரியட் முடிந்து போய் நின்றால் எங்கள் கணக்கு வாத்தியார் எதுவும் கேட்க மாட்டார், தலையைத் தொட்டுப் பார்ப்பார். ஈரமாக இருந்தால் உள்ளே போகலாம். ஆற்றுப் பக்கமே போகாத பையன்கள் பள்ளிக்கூடத்துக் குழாயில் தலையை நனைத்து, விபூதியை இழுத்து விட்டுக்கொண்டு வருவதும் உண்டு. தரங்கம்பாடிக்கு ரயில் ஓடிக்கொண்டிருந்த காலம். அந்த ரயில் லேட் என்று சொல்லித் தப்பித்தவர்களும் இருக்கிறார்கள்.

இந்த முறை அக்கா சீர்காழியிலிருந்து வந்துவிட்டாள், நான் சென்னையிலிருந்து ராத்திரி ரயிலில் வந்து இறங்கினேன். ஐந்தரை மணிக்கெல்லாம் துலாக்கட்டம். நல்ல மழை பெய்திருந்ததால் இடுப்பளவு செந்தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. நிம்மதியாக இருந்தது, ஆறு காய்ந்து, ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரை இறைத்துவிட்டு ஜனங்கள் முழுக்குப் போட்ட வருடங்களும் உண்டு. 2017-இல் நடந்த மகா புஷ்கர நீராட்டு விழாவுக்காக ஆற்றுக்குள் கட்டிய தொட்டி அப்படியே இருக்கிறது. நடு ஆற்று மண்டபத்தில் நந்தி வழக்கம்போல மழையில் நனைந்துகொண்டிருந்தார்.

கார்த்திகை ஒன்று என்பதால் படித்துறையில் பாதி கறுப்பு வேட்டி. மாலை போட வந்த கூட்டத்தில் ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன், குளிரில் பல் தந்தியடிக்க, துளசி மாலையைக் கழுத்தில் வாங்கிக்கொண்டு சரணம் சொன்னான். இரண்டாவது சரணத்தில் குரல் நின்றுவிட்டது. குருசாமி சிரித்துக்கொண்டே தன் துண்டால் அவன் தலையைத் துவட்டிவிட்டார். பக்கத்தில் மூன்று சக்கர வண்டியில் வந்த ஒருவரை இரண்டு இளைஞர்கள் நாற்காலியோடு தூக்கிக் கடைசிப் படியில் இறக்கினார்கள். அவர் சொம்பை வாங்க மறுத்துவிட்டார். "முங்கித்தான் குளிப்பேன், பிடிச்சுக்கங்க" என்று சொல்லி மூன்று முறை மூழ்கினார். அக்கா மஞ்சள் பூசிக்கொண்டே அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நாம இன்னும் ரெண்டு முழுக்குப் போடலாம் தம்பி" என்றாள்.

ஈரம் உலருமுன் கோயிலுக்குப் போய்விட்டோம். ஒன்பது நிலைக் கோபுரத்தைத் தாண்டியதும் குளத்துக் காற்று சிலீரென்று அடித்தது. அம்பிகை மயிலாக வந்து பூசித்த தலம், சம்பந்தரும் அப்பரும் பாடிய கோயில். மயூரநாதரைத் தரிசித்துவிட்டு அபயாம்பிகை சன்னிதியில் நின்றால் இப்போதும் எனக்கு எதுவும் கேட்கத் தோன்றுவதில்லை. பள்ளிப் பரீட்சைக்கு முன் கேட்டதெல்லாம்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

அக்கா நேரே போனது அனவித்யாம்பிகையிடம். லிங்கத்துக்குப் புடவை சாத்தியிருப்பார்கள், நான் வேறெங்கும் அப்படிப் பார்த்ததில்லை. நாதசர்மா என்பவரும் அவர் மனைவி அனவித்யாம்பிகையும் துலா ஸ்நானத்துக்கு வந்து சேர்ந்தபோது ஐப்பசி கடைசி நாளும் பொழுது சாய்ந்துவிட்டதாம். மறுநாள் சூரியன் உதிக்குமுன் மூழ்கினால் போதும் என்று சுவாமியே கனவில் சொல்ல, அப்படியே செய்து இருவரும் இங்கேயே லிங்கத்தில் கலந்தார்கள் என்கிறது தலபுராணம். ஆக, நேரம் தவறி வந்தவர்களுக்கு இந்த ஊரில் ஒன்றுக்கு இரண்டு கதை இருக்கிறது. வேலைக்குப் போன பிறகு, லீவு கிடைக்காமல் கடைமுகத்தைத் தவறவிட்டுப் பெரும்பாலும் மறுநாளே வந்து சேர்கிறவன் என்ற முறையில் எனக்கு இரண்டுமே வேண்டியவை.

வெளியே வந்து டிகிரி காபி குடித்தோம். திருஇந்தளூர்ப் பரிமள ரங்கநாதரையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்றேன். அக்காவின் கண் திருவிழாக் கடைகள் பக்கம் இருந்தது. ராட்டினத்தைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பொரி, பேரீச்சம்பழக் கடைகள் பாதி காலி. வளையல்காரர் பெட்டி கட்டுகிற அவசரத்தில் கேட்ட விலைக்குத் தருவார் என்பது அப்பாயி கண்டுபிடித்த சூத்திரம். எங்கள் வீட்டுப் பெண்கள் கடைமுகத்தன்று ஒரு பொருளும் வாங்க மாட்டார்கள். அக்கா இரண்டு டஜன் கண்ணாடி வளையல் எடுத்தாள். நேற்று இதையே என்ன விலை சொன்னார்கள் தெரியுமா என்று பெருமாள் கோயில் வாசல் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள்.